எங்கே என்று கேட்காதவள்

காலை பத்து நாற்பதுக்கு மேல்மாடியில் குளிர்க்கோட்டின் சிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அருள்நாயகியின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் பகல் நேரத்தில் மேலே அந்தச் சத்தம் கேட்டு எட்டு மாதமாகிறது. கணவர் அந்தோனிதாசன் இரவு வேலை முடித்து வந்து கீழறையில் படுத்திருந்தார். மகள் ஸ்ரெபானி பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆகவே மேலே கோட்டுப் போடுகிற ஆள் ஒருவனாகத்தான் இருக்கமுடியும். மகன் டெனிஸ்ரன்.

டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன் போன ஜூனில் ஒரு சூட்கேசோடும் கொம்பியூட்டரோடும் வந்து இறங்கினான். லீவு என்றான். லீவு முடிந்தது, அவன் போகவில்லை. அறைக் கதவு பூட்டியபடியே இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையை வாசலில் வைத்தால் எல்லாரும் படுத்த பிறகு எடுத்துக்கொள்வான். டொக்டரிடம் இரண்டு தரம் கூட்டிப்போனார்கள், குளிசை தந்தார்கள். கொமூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஒரு பெண் வந்து மேசையடியில் இருந்து ஒரு படிவம் நிரப்பினாள், போனாள். கோயிலில் கேட்டவர்களுக்கு அருள்நாயகி, "ஒன்லைனிலை படிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஹொல்ஸ்டெப்ரோவில் உள்ள தமிழ்ச் சனம் அதை நம்பியதோ இல்லையோ, முகத்துக்கு நேரே தலையாட்டியது.

அவன் படியிறங்கி வந்தான். குளித்திருந்தான். தாடியை மழித்திருந்தான், கன்னத்தில் ஒரு சின்ன வெட்டு, அதில் கடுகளவு இரத்தம். தகப்பனின் நீலக் கம்பளித் தொப்பி தலையில். குனிந்து சப்பாத்துக் கயிற்றை ஆறுதலாகக் கட்டினான்.   அந்தோனியாரே, என்ரை பிள்ளை வெளிக்கிட்டிட்டான் என்று அருள்நாயகியின் மனம் சந்தோசத்தில் கத்தியது. கத்தியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், திரும்பவும் கத்தியை எடுத்தாள். எங்கை போறாய் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"சாப்பிட்டிட்டுப் போவன் தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

"வந்து சாப்பிடுறன் அம்மா."

தமிழில் சொன்னான். வாய் திறந்தால் டேனிஷ் பேசுகிறவன், அன்றைக்குத் தமிழில் சொன்னான். கதவு சாத்துப்பட்டது. சைக்கிள் வாசல் கல்லில் இடறிப் போகிற சத்தம் கேட்டது. அவள் யன்னலுக்குக்கூடப் போகவில்லை. போகிற பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன் என்று, லீக்ஸை வெட்டி முடித்து, அவனுக்குப் பிடிக்குமென்று இரண்டு முட்டையும் அவித்தாள்.

வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது நம்மில் அனேகம்பேருக்குப் பழக்கதோசம். கேட்டால் போகிற காரியம் கைகூடாது என்பார்கள். அவசரத்துக்குக் கேட்கத்தான் வேண்டுமென்றால் "தூரமோ?" என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். கிறிஸ்தவ வேதக்காரருக்கு அதெல்லாம் இல்லை என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். வைத்துவிட்டு அவரும் புறப்படும்போது யாராவது கேட்டால் முகத்தைச் சுளிப்பார். ஆனால் அருள்நாயகிக்கு அது பழக்கதோசம் அல்ல. அது அவளுடைய வாயில் விழுந்த அடி.

தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில், அவளுக்கு ஒன்பது வயது. யூஜின் அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு காலையில் வெளியே இறங்கினான். "எங்கை அண்ணா போறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சொல்லவில்லை. அன்றைக்குப் போனவன்தான். மூன்றாம் நாள், தேடித்தேடி அலுத்து வந்த தாய், அத்தனை சனத்துக்கும் முன்னால் அவளுடைய வாயைப் பொத்தி அறைந்தாள். "போற பிள்ளையை எங்கையெண்டு கேட்டியேடி, பாழ்படுவாளே!" முன்பல் ஒன்று ஆடிப்போனது. அந்தத் தாய் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. தன் அண்ணனைத் தின்றது தன்னுடைய வாய்தான் என்று அருள்நாயகி முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். ஆமியும் சண்டையும் இருந்தது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நம்பினாள். ஒன்பது வயதில் நம்பியதை நாற்பத்துநான்கில் கழற்றி வைக்க முடிவதில்லை.

ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கியது. முட்டை கோப்பையில் ஆறிக் கிடந்தது. மேலே போய்ப் பார்த்தால் டெனிஸ்ரனின் ரெலிபோன் மேசையில் சார்ஜில் இருக்கிறது. ஆறு மணிக்கு அந்தோனிதாசன் பொலிசுக்கு ரெலிபோன் அடித்தார். ஏழு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள்; ஒரு இளம் ஆண், கியர்ஸ்டன் என்ற நடுத்தர வயதுப் பெண். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள் கியர்ஸ்டன். நல்லவள்தான். உயரம், நிறை, தொப்பியின் நிறம், குளிசையின் பெயர் எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு பேனையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, டேனிஷில், சாதாரணமாகக் கேட்டாள்:

"எங்கே போவதாகச் சொன்னார்?"

நாலு பேரும் அருள்நாயகியைப் பார்த்தார்கள். கணவர் பார்த்தார். ஸ்ரெபானி பார்த்தாள். முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலைக்குப் போய் இருபது வருடத்தில் அவள் படித்துக்கொண்ட டேனிஷ், கேள்வியை விளங்கிக்கொள்ளப் போதும். பதில்தான் இல்லை. எட்டு மாதம் அறைக்குள் கிடந்த பிள்ளை வெளியே போகிறான், பெற்றவள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை இந்த நாட்டில் எந்த வாயால் சொல்வது? கொமூன் பெண்ணின் படிவம் ஞாபகம் வந்தது. இவளும் எழுதுவாள்: தாய் கேட்கவில்லை. 

"லைபிரரிக்கு" என்றாள் அருள்நாயகி.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவன் பின்னேரங்களில் அங்கேதான் கிடப்பான், அதனால் இருக்கலாம். "லைபிரரிக்குப் போட்டு, வந்து சாப்பிடுறன் எண்டு சொன்னவன்" என்று சேர்த்துச் சொன்னாள். ஒரு பொய்யும் ஒரு உண்மையும் ஒன்றாகக் கியர்ஸ்டனின் கொப்பியில் ஏறின. அந்தோனிதாசன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அதன்பிறகு ஐந்து நாட்கள் தேடியது எல்லாம் நகரத்துக்குள்ளேதான். லைபிரரியில் வேலை செய்கிறவர்களிடம் படம் காட்டிக் கேட்டார்கள், ஒருவரும் காணவில்லை. லைபிரரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆறு ஓடுகிறது என்பதால் ஆற்றங்கரை நெடுகிலும் நாய்களை விட்டார்கள். றப்பர் உடுப்புப் போட்ட இரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கினார்கள். கோயில் பெடியள் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் டெனிஸ்ரனின் படத்தை ஒட்டினார்கள். அருள்நாயகி பாலத்தில் நின்று, தன் பொய்யை நாய்கள் மணந்து திரிவதைப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடு என்று மனம் சொல்லும். சொன்னால் இவ்வளவு சனத்தையும் இந்தக் குளிருக்குள் மினக்கெடுத்தினாயே என்பார்கள் என்று அதே மனம் மறிக்கும். ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தப் பொய்யின் விலை ஏறிக்கொண்டே போனது.

வீட்டுக்குச் சனம் வந்தது. இடியப்பம் கொண்டு வந்தது, சொதி கொண்டு வந்தது, கேள்வியும் கொண்டு வந்தது. கோயில் பழக்கமான தங்கமலர் அக்கா கதவால் உள்ளிடும்போதே, "எங்கையாம் பிள்ளை போனவன்?" என்றாள், ஏதோ கலியாணவீட்டுக்குப் போனவனை விசாரிப்பதுபோல. நாட்டின் மறுகோடியில் உள்ள புரொண்பியிலிருந்து நேசரட்ணம் என்ற ஒருவர், பெந்தெகொஸ்தே சபைக்காரர், முன்பின் தெரியாதவர், ரெலிபோன் எடுத்தார். ஜெபத்தில் இருக்கும்போது மஞ்சள் நிறக் கட்டிடம் ஒன்று தெரிந்தது, பிள்ளை அங்கேதான் இருக்கிறான் என்றார். டென்மார்க்கில் பாதிக் கட்டிடம் மஞ்சள்தான். ஆனாலும் அருள்நாயகி மூன்று நாள், காரில் போகும்போதெல்லாம், மஞ்சள் சுவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மேலே அவன் அறையில் கொம்பியூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பொலிஸ் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போயிருந்தது. திரையில் வந்துகொண்டிருந்தவர்கள் அவனோடு கொம்பியூட்டர் விளையாட்டில் பழகிய கூட்டாளிகளாம். எந்தெந்த நாடோ, ஒருவரையும் அவன் நேரில் கண்டதில்லையாம். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அருள்நாயகிக்கு ஆங்கிலம் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் திரையில் வரிக்கு வரி வந்த ஒரு சொல்லை அவளால் வாசிக்க முடிந்தது. வேர். பூனை எங்கே, பந்து எங்கே என்று படம் காட்டிப் படிப்பித்த முதல் பாடத்துச் சொல். வேர் ஆர் யூ. வேர். ஒருவன் மற்றதெல்லாம் விட்டுவிட்டு, நாளுக்கு ஒருதரம், அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதினான். எவ்வளவு இலகுவாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். பொலிசுக்கு அது படிவத்தில் ஒரு கட்டம். தங்கமலருக்குக் கதைக்க ஒரு சாட்டு. முகம் தெரியாத இந்தப் பிள்ளைக்கு அது கூப்பிடுகிற குரல். பெற்றவளுக்கு மட்டும் அது விழுங்கவேண்டிய சொல்லாகிப் போனது. அவனுடைய கதிரையில் இருந்து அழுதாள். அழுதபோது கை தட்டுப்பட்டுத் திரையில் ஏதேதோ எழுத்துகள் விழுந்தன. உடனே அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் ஒரேயடியாக எழுதத் தொடங்கினார்கள். அவன் வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள். அவள் பயந்து எழும்பி ஓடிவந்துவிட்டாள்.

ஆறாம் நாள் சைக்கிள் கிடைத்தது. நகரத்தில் அல்ல. மேற்கே, தோர்ஸ்மின்டேக்கு வடக்கே, வடகடல் ஓரமாக, மணல்மேட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற ஒரு இடத்தில். நாயோடு நடக்க வந்த கிழவர் ஒருவர் கண்டு சொல்லியிருக்கிறார். மரவேலியில் சாத்தி, பின்சில்லைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டின் திறப்பைக் காணவில்லை. நாற்பது கிலோமீற்றர், எதிர்காற்றில் மிதித்திருக்கிறான்.

கியர்ஸ்டன் தனியாக வந்தாள். இந்தமுறை கொப்பியை வெளியே எடுக்கவில்லை.

"உங்களுக்கு லைபிரரி என்று சொல்லியிருக்கிறார். போனது அதற்கு நேர் எதிர்த்திசையில். போகிற இடத்தை வீட்டாருக்கு மறைத்துவிட்டுப் போகிறவர்கள், பெரும்பாலும், புறப்படும்போதே முடிவெடுத்திருப்பார்கள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது."

"வந்து சாப்பிடுவதாகச் சொன்னான்" என்றாள் அருள்நாயகி. 

"ஆம்" என்றாள் கியர்ஸ்டன், மிகவும் அன்பாக. "அதையும் சொன்னார்."

அதையும். ஒரு பொய்யோடு சேர்த்து இன்னொரு பொய்யாக.  பிள்ளையிடமிருந்து அவளுக்குக் கிடைத்த கடைசிச் சாமான் அந்த இரண்டு சொல்தான். அதைத் தன்னுடைய வாயாலேயே கெடுத்துப்போட்டாள். அந்த நேரம் பார்த்து அந்தோனிதாசன் சொன்னார், டேனிஷில் சொல்லத் தொடங்கித் தமிழில் முடித்தார்: "அவன் தாயிட்டைப் பொய் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறான்."

அந்த வசனம் இரண்டு நாளைக்குள் ஊர்முழுக்கப் பரவியது. பாவம், தாயை ஏமாற்றிவிட்டுப் போனான் என்றார்கள். அதுவரைக்கும் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவர்கள், இப்போது குரலைத் தாழ்த்தினார்கள். "ஆறுதலுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பமே பிள்ளை?" என்று தங்கமலர் அக்கா முதுகைத் தடவினாள். யாருடைய ஆறுதலுக்கு என்று அவள் சொல்லவில்லை. கடற்கரையில் ஹெலிகொப்டர் ஒருநாள் சுற்றியது, பிறகு நின்றது. காணாமல்போன பிள்ளை, பொய்சொன்ன பிள்ளையாகி, இல்லாத பிள்ளையாகிக்கொண்டிருந்தான். அதற்கெல்லாம் ஆதாரம் என்று பொலிஸ் கோப்பில் இருந்தது அவளுடைய ஒற்றைச் சொல்.

எட்டாம் நாள் மத்தியானம் அவர்கள் இருவரும் அந்த இடத்துக்குப் போனார்கள். காற்று காரையே ஆட்டியது. மணல்மேட்டில் ஏறி நின்றால் சாம்பல் நிறத் தண்ணீர், அதற்கு மேலே அதே நிறத்தில் வானம், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. மன்னாரில் கடலைப் பார்த்து வளர்ந்தவள்தான் அவள். இது அந்தக் கடலைப்போல ஒன்றும் இல்லை. இதில் ஒரு வள்ளம்கூட இல்லை. அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து காருக்குள் ஏறினார்கள். அந்தோனிதாசன் திறப்பைப் போட்டார், திருப்பவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள். "அவன் லைபிரரி எண்டு சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். நான் அவனை எங்கையெண்டு கேக்கேல்லை. கேட்டால் சகுனம் பிழைச்சிடும் எண்டு கேக்கேல்லை."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் முழிச்சுத்தான் கிடந்தனான். சிப் சத்தம் எனக்கும் கேட்டது. வந்து சாப்பிடுறன் எண்டு சொன்னதும் கேட்டது. நீ கேக்காமல் விட்டதும் கேட்டது." ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, இவள் கேக்கேல்லை எண்டு நினைச்சனான் அருள். எழும்பி வந்தால் பெடியன் குழம்பித் திரும்பி மேலை போயிடுவான் எண்டு, அசையாமல் கிடந்தனான். காரிலை கொண்டுபோய் விடட்டோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால்..."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"அண்டைக்குப் பொலிசுக்கு முன்னாலை சொல்லியிருக்கலாமே. பேந்து ஏன் என்ரை பிள்ளையைப் பொய்யன் எண்டு சொன்னீங்கள்?"

"உன்னைப் பொய்க்காரி எண்டு எப்பிடியடி சொல்லுறது?"

இருபத்துநாலு வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் அவளுக்காகச் செய்த ஆகப்பெரிய காரியம் அதுதான். அதைக் கேட்டு அவள் அழவில்லை. ஒருவரையொருவர் காப்பாற்றுகிறோம் என்று இரண்டுபேரும் சேர்ந்து பிள்ளையைக் கைவிட்டுவிட்டோம் என்பது மட்டும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஐந்து நாள். நாய்கள் ஆற்றங்கரையில் அலைந்த ஐந்து நாளும் இந்தச் சைக்கிள் இங்கே நின்றிருக்கிறது. முதல்நாள் அவன் இந்த மணல்மேட்டின் மறுபக்கத்தில் குளிருக்கு ஒதுங்கி இருந்தானோ, யாராவது வருவார்கள் என்று பார்த்தானோ, யாருக்குத் தெரியும்? 

பின்னேரம் வீட்டுக்குக் கியர்ஸ்டனை வரச்சொன்னார்கள். அருள்நாயகி தமிழில் சொன்னாள், ஸ்ரெபானி டேனிஷில் சொன்னாள். இந்தக் கதைக்குத் தன்னுடைய டேனிஷ் போதாது என்று அவளுக்குத் தெரியும். லைபிரரி பொய் என்ற இடத்தில் பொலிஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள், கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். முதல்நாளே தெரிந்திருந்தால் முழு வட்டாரத்துக்கும் ஆள் அனுப்பியிருப்போம் என்று சொன்னாள், சொல்லவேண்டியது கடமை என்பதுபோல, ஒரேயொரு தரம். பிறகு கேட்டாள்:

"ஆனால் ஏன் கேட்கவில்லை? எங்கே போகிறாய் என்று?"

ஸ்ரெபானி தாயைப் பார்த்தாள். தாய் சொன்னதைக் கேட்டு, சொற்களைத் தேடித்தேடி மாற்றினாள்: எங்கள் ஆட்கள் போகிறவர்களைக் கேட்பதில்லை. கேட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

"திரும்பி வரவேண்டும் என்பதற்காகவா கேட்கவில்லை?" என்றாள் கியர்ஸ்டன்.

"ஆம்" என்றாள் அருள்நாயகி.

கியர்ஸ்டன் அதை எழுதுவதா விடுவதா என்று கொஞ்சநேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தாள். அப்போதுதான் ஸ்ரெபானி வெடித்தாள். பொலிஸ்காரியை விட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பி, டேனிஷில், பதினேழு வருடமும் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினாள். "ஒருநாளாவது என்னைக் கேட்டிருக்கிறீர்களா? நான் எங்கே போகிறேன் என்று? என் சிநேகிதிகளின் அம்மாமார் எல்லாரும் கேட்பார்கள். கேட்டுக்கேட்டு அவர்களுக்கு அலுத்துப்போகும். எனக்கும் டெனிஸுக்கும் ஒருநாளும் இல்லை. உங்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொள்வோம். அவனும் அப்படித்தான் நினைத்தான், அம்மா. அவனும் அப்படித்தான் நினைத்தான்."

இதை யாரும் தமிழுக்கு மாற்றத் தேவையிருக்கவில்லை. அருள்நாயகி எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவள் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த ஒவ்வொரு நாள் காவலும் அவர்களுக்குக் கதவடைப்பாகத் தெரிந்திருக்கிறது. கியர்ஸ்டன் போகும்போது வாசலில் நின்று, வந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன் என்றாள். பிறகு, தாயைப் பயப்படுத்தக்கூடாது என்பதற்காகவும் பிள்ளைகள் அப்படிச் சொல்வதுண்டு என்றாள். கொடுத்ததைக் கொடுத்த கையாலேயே எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் சைக்கிளைத் திருப்பித் தந்தார்கள். பின்சில்லு பூட்டியபடியே இருந்ததால் உருட்ட முடியவில்லை. அந்தோனிதாசன் ஆசனத்தின் கீழே கையைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்சில்லில் உருட்டி வந்தார். குசினி மேசையின் இழுப்பு லாச்சியில் மற்றத் திறப்பு இருந்தது. அவர் அதை எடுக்கப் போனபோது அருள்நாயகி லாச்சியைக் கையால் மூடினாள்.

"திறப்பு அவனிட்டையெல்லோ இருக்கு" என்றாள். "பூட்டிப்போட்டுத் திறப்பைக் கொண்டு போனவன், திறக்கத்தானே கொண்டு போயிருப்பான்?"

 அவர் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்தார். தங்கமலர் அக்கா கேட்ட அந்த ஆறுதல் பூசைக்கு அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மறுநாள் காலை ஏழே காலுக்கு ஸ்ரெபானி பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாள். அந்த வெடிப்புக்குப் பிறகு அவள் தாயோடு சரியாகக் கதைக்கவில்லை. கோட்டுப் போட்டாள், சிப்பை இழுத்தாள், சப்பாத்தைக் கட்டினாள், பையைத் தோளில் கொழுவினாள். கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள். அருள்நாயகி குசினி வாசலில் நின்றாள். இருவருக்கும் நடுவில் நாலு அடி.

"கேளுங்கோ அம்மா" என்றாள் ஸ்ரெபானி. தமிழில்.

அருள்நாயகி வாயைத் திறந்தாள். சொல் வந்தது, முன்பல்லில் வந்து முட்டி நின்றது. கேட்டேன், ஒருவன் வரவில்லை. கேட்கவில்லை, மற்றவனும் வரவில்லை. இவளை என்ன செய்வது? பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அழுகிற முகம் அல்ல அது, காத்துக்கொண்டிருக்கிற முகம். பத்து வரை எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகு ஸ்ரெபானி கதவைத் திறந்துகொண்டு போனாள்.

கதவு சாத்துப்பட்ட சத்தம் அருள்நாயகியைத் தூக்கி எறிந்தது. கொழுவியில் இருந்த கோட்டை இழுத்து இரவு உடுப்புக்கு மேலேயே போட்டாள். குசினிச் செருப்போடு இறங்கி நடந்தாள். மழைத்தூறல், இன்னும் சரியாக விடியவில்லை. முன்னால் மகளின் மஞ்சள் பை தெரிந்தது. பத்தடி விட்டுப் பின்னால் போனாள். கூப்பிடவில்லை, எட்டிப் பிடிக்கவுமில்லை. ஸ்ரெபானி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு நடந்தாள். நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

பஸ் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள், ஸ்ரெபானியும் ஏறி யன்னல் ஓரமாக இருந்தாள். கதவு சாத்தப்போகிற நேரத்தில் அருள்நாயகி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். சாரதி, தலை நரைத்த மனிதர், சிரித்த முகம், ரிக்கற் மெசினில் விரலை வைத்தபடி கேட்டார்:

"எங்கே போகவேண்டும்?"

அவள் அவரைப் பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் மழை, முன்னால் விளக்கு வெளிச்சத்தில் இருபது பிள்ளைகளின் முகங்கள். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, சாரதி அதையே இன்னொருதரம், இந்தமுறை மெதுவாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டார். செருப்பிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது. பஸ்ஸின் நடுவில் ஸ்ரெபானி பையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, தாயைப் பார்த்தபடி எழுந்து நின்றாள்.